திகதி இல்லாதவன்

எங்கள் பக்கத்தில் ஒருவர் எப்படித்தான் வாழ்ந்திருந்தாலும் மரண அறிவித்தலில் ஒரே வசனத்துக்குள்தான் வந்து படுப்பார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதியில் காலமானார். அப்படி அறிவித்தல் போடும் இணையத்தளம் ஒன்றைச் சோதிப்பதுதான் யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்த வேலை. சோதனைப் படிகளைச் சாதாரண வசனங்களாக எழுதவேண்டும். அதை வாசித்து மென்பொருள் தானாகவே பெட்டிகளை நிரப்பிப் பார்க்கும். வந்த புதிதில் செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வசனமாக எழுதித் தள்ளினேன். எங்கள் குழுவுக்குப் பொறுப்பான சிவதர்ஷன் அண்ணை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"லவீனா, வசனம் ஒண்டு காணும். பேர், ஊர், திகதி வாற இடங்களை வெறுமையா விட்டு, அதிலை பராமீற்றரை வையும். ஆக்களைக் கீழை அட்டவணையிலை போடும்."

அட்டவணையைக் கற்பனைப் பெயர்களால் நிரப்பினேன். கடைசி வரி திகதி இல்லாதவருக்கு. திகதி இல்லாவிட்டால் தளம் அறிவித்தலை ஏற்கக்கூடாது. எதிர்பார்க்கும் விடை 'மறுக்கப்படும்'. அங்கே ஜெயசுதன், குருநகர் என்று எழுதினேன். என் அண்ணன். கடல் தொழிலுக்குப் போனவன், வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. அவன் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க அம்மா இன்றுவரை விடவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கோவிலில் இறந்தவர்களின் பெயர் கேட்டால், அப்பாவின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

காலையில் சோதனை ஓடும். அவன் பெயர் பெட்டிக்குள் விழும், திகதிப் பெட்டி வெறுமையாக நிற்கும், தளம் மறுக்கும், எதிர்பார்த்த விடையே வந்ததால் வரி பச்சையாகும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர் இறங்கும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அம்மாவுக்கு அடுத்தபடியாக அவனைச் சாகவிடாமல் மறித்து நின்றது அந்தத் தளம்தான்.

போன கிழமை தளத்தின் சொந்தக்காரர் விதியை மாற்றச் சொன்னார். எப்போது இறந்தார்கள் என்றே தெரியாமல் பறிகொடுத்த குடும்பங்கள் கேட்கின்றனவாம்; இனித் திகதி இல்லாமலும் அறிவித்தல் வெளியாகவேண்டும். நியாயமான விஷயம். மறுநாள் எல்லா வரிகளும் பச்சை, அண்ணனுடையது மட்டும் சிவப்பு.

சிவதர்ஷன் அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். விடையை 'வெளியாகும்' என்று மாற்றினால் சரி, ஒரு சொல்தானே என்றார். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். யார் இந்த ஜெயசுதன் என்று கேட்டார்.

"என்ரை அண்ணை."

அவர் அந்த வரியில் வெறுமையாக இருந்த திகதிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வேறை பேர் ஒண்டு போடுவம். நானே மாத்திவிடுறன்" என்றார்.

அவனை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறொருவனை வைப்பது அதைவிட மோசமாகப் பட்டது. கடல் செய்ததை நானும் செய்வதா.

"வேண்டாம். பேர் இருக்கட்டும். நான் மாத்துறன்."

அவர் எழுந்து போனபின் மாற்றினேன். சோதனை ஓடியது. பெயர் விழுந்தது, ஊர் விழுந்தது. இந்தமுறை அறிவித்தல் பக்கம் திறந்தது. 'குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஜெயசுதன் அவர்கள் காலமானார்.' படம் வரும் இடத்தில் சாம்பல் நிறச் சதுரம். யார் அறிவிப்பது என்ற பெட்டியை நான் நிரப்பியிருக்கவில்லை. தளமே அடியில் போட்டுக்கொண்டது: 'தகவல்: குடும்பத்தினர்.'

அப்போதுதான் அழுகை வந்தது.

கைபேசி அடித்தது. அம்மா. வரும்போது பாண் வாங்கிவரச் சொல்வதற்காகத்தான் இருக்கும். அங்கிருந்து அவரால் எதையும் பார்க்க முடியாது என்று தெரியும். ஆனாலும் மடிக்கணினியை மூடிவிட்டுத்தான் எடுத்தேன்.