பச்சைக் கவுனுக்கு எசப்பாட்டு

கிளாய்ட் பாடிய பாட்டில் வந்த பெண், அந்தப் பாட்டு நாஷ்வில் வானொலியில் ஒலித்ததற்கு மறுநாள் காலை, அவன் மனைவி வெர்டியின் சமையலறையில் உட்கார்ந்து சோளரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பாட்டில் சொன்னபடியே பச்சைக் கவுன், இடது கன்னத்தில் மச்சம். மதுக்கடை நடனத்தில் பார்த்து மனதைப் பறிகொடுத்ததாக அவன் பாடியிருந்தான். டென்னசி மலைப்பக்கத்தில் அது புகையிலை விலை விழுந்த வருடம். ஜனங்களுக்கு அந்தக் கவலையே பெரிதாக இருந்தது. போதகர் ஹோபர்ட் மட்டும் வந்து, அவளுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று விசாரித்தார். பாட்டில் அப்படி எதுவும் இல்லை என்றதும் வருத்தப்பட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

"யாரு இவ?" என்று வெர்டி புருஷனைக் கேட்டாள்.

"யாருமில்ல. பாட்டுக்கு ஒருத்தி வேண்டியிருந்துச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். இல்லாத ஒருத்திக்கு மூன்று சரணம்! கல்யாணமான நாளிலிருந்து புகையிலைக் கொழுந்து கிள்ளி, அவன் சட்டைக்குக் கஞ்சி போட்டு, அவன் ஊர் ஊராகப் பாடப் போனபோதெல்லாம் தனியாக மாடு கறந்தவளுக்கு ஒரு வரி கிடையாது. கடைகளில் காசு போட்டால் பாடும் பெட்டியில் அந்தப் பாட்டு ஓட ஓட, பச்சைக் கவுன்காரிக்கு மேனி மெருகேறியது. கிளாய்ட் அவளைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவன் பார்வை எங்கே போனாலும் வெர்டியின் பார்வையும் பின்னாலேயே போனது. பொறாமையில் அவள் பாதியாக இளைத்தாள்.

ஆண் பாடியது பிரபலமானால் பெண் ஒருத்தி அதே மெட்டில் எசப்பாட்டுப் பாடுவது அங்கே பாட்டுத் தொழிலில் வழக்கம். வெர்டி பாட்டுக் கட்டினாள். பச்சைக் கவுன்காரியைக் கிழித்துத் தொங்கவிடுவாள் என்று ஊரே காத்திருந்தது. அவளோ தன்னைத்தான் பாடினாள்: கையில் புகையிலைப் பிசின் படிந்த ஒருத்தி, புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலிறங்கிப் போவதாக. வாழ்க்கையில் செய்யத் துணியாததைப் பாட்டில் செய்து பார்த்தாள், அவ்வளவுதான். வானொலிக்காரர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அது முதன்முதலில் ஒலித்ததற்கு மறுநாள் காலை இன்னொரு வெர்டி அடுப்பருகே நின்றாள். அதே முகம், அதே பிசின் கை. ஆனால் பாடப்பட்டவளுக்கு வரும் மினுமினுப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலிறங்கினாள். கிளாய்ட் தட்டை அப்படியே போட்டுவிட்டு, பூட்ஸ்கூட மாட்டாமல் பின்னால் ஓடினான்.

"வெர்டி, போகாதடி. நீ இல்லாம நான் என்னத்துக்கு ஆவேன்?"

நிஜ வெர்டியிடம் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. காபிக் கெண்டியோடு நின்றவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பச்சைக் கவுன்காரிமேல் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போதும் அந்த எசப்பாட்டு வானொலியில் வரும்போதெல்லாம் பாட்டில் வந்த வெர்டி போகிறாள், கிளாய்ட் ஓடுகிறான், பாலம்வரை கெஞ்சிவிட்டுத் தனியாகத் திரும்புகிறான். அண்டை வீட்டார் அந்த நேரத்தில் லாரியைப் பாதையில் நிறுத்துவதில்லை. ஒருமுறை நிஜ வெர்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "நான் இங்கதானே இருக்கேன்," என்று சொல்லிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளு, அவ போயிடப் போறா," என்றான் கிளாய்ட்.

வெர்டி தள்ளி நின்றாள்.