அமாவாசை மேட்னி

ஞாயிற்றுக்கிழமை சினிமாக் கொட்டகையில் கரண்ட் போனபோது, படத்தில் அந்தச் சீனாக்காரன் வாயில் ரத்தம் வழிய அப்போதுதான் மில் முதலாளியின் எதிரே எழுந்து நின்றிருந்தான். அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. கொட்டகைக்காரர் எங்கள் டிக்கெட்டின் பின்னால் முத்திரை குத்திக் கொடுத்தார். "அமாவாசை மேட்னிக்கு வந்து பாருங்க. அதோட படப்பொட்டி திரும்பிப் போவுது" என்றார்.

படத்தில் பேசியது ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. உதை புரிந்தது. கூலிக்காரர்களை மண்டிபோட வைத்தவனை அவன் சும்மா விடமாட்டான் என்பதும் புரிந்தது. ஆனால் உதைத்தானா, இல்லையா? அதே கேள்வியோடு மூன்று நாள் தறிக்குழியில் கால் இறக்கி மிதித்தேன். ஒவ்வொரு மிதியும் மில் முதலாளியின் நெஞ்சில்தான்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்காரமாட்டோம். முந்தின நாள் வீரபாகு முதலாளி வந்து நின்றார். அவருடைய நெசவுக் கொட்டடியில் ஆறு தறி, ஒன்றில் நான்.

"ரேணுகாம்பா, நாளைக்கு நீ மட்டும் உக்காரு. இது கல்யாணப் பொடவ. பேஜார் பண்ணாத."

"நாளைக்கு அமாவாசைங்க. நான் படத்துக்குப் போறேன்."

"பொம்பளைக்கு இன்னாடி சண்டப் படம்? போனா, அப்புறம் இந்தக் குழியில கால் வெக்காத!"

வேறு தறி உடனே கிடைக்காது. இருந்தாலும் எனக்குக் கோபம் பெரிதாக இருந்தது. போனேன்.

இடைவேளைக்குள் வீரபாகு வந்துவிட்டார், என்னை இழுத்துக்கொண்டு போக. டிக்கெட் கிழிக்கும் கன்னியம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

"பொம்பளைங்க பக்கம் ஆம்பளைங்க வரக்கூடாதுங்க. யாரா இருந்தாலும் அந்தாண்டதான்."

வெளியே வரும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் ஆண்கள் பக்கம் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எங்களுக்கு நடுவில் இடுப்புயரச் சுவர்.

கடைசியில் அந்த இடம் வந்தது. சீனாக்காரன் எழுந்து நின்றான். மில் முதலாளி சிரித்தான். விழுந்தது பார் ஒரு உதை! சிரித்தவன் ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தான். நான் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். திரும்பிப் பார்த்தால் வீரபாகு. விளக்கு எரிந்ததும் என்னைத் தேடாமலே நழுவிவிட்டார்.

மறுநாள் காலை கொட்டடியில் என் குழியை மறித்து நின்றார்.

"இன்னா தைரியத்துல வந்துகினு இருக்கற?"

மற்ற ஐந்து தறியும் நின்றுவிட்டன.

"போயிடறங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நேத்து அந்த மொதலாளிய ஒதச்சப்ப, நீங்க யாருக்கு விசில் அடிச்சீங்க?"

பின்னால் தறியிலிருந்த சம்பந்தம் களுக்கென்று சிரித்துவிட்டார். முதலாளி நகரவில்லை. நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் குழியில் காலை இறக்கி, ஓங்கி மிதித்தேன்.