கட்டைப்பைக்குள் அடங்காத பெட்டி

ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. மயிலாப்பூரில் அந்த மாடி வீட்டில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நீரஜாவோடு அவளுடைய கம்ப்யூட்டரும் அடையாறுக்குப் போகுமா, போகாதா?

கல்யாணமாகி வரும் முதல் ஆடிக்குப் பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அடையாறு என்ன கண்காணாத தேசமா? ஆட்டோவில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். நீரஜாவுக்கு வழக்கத்தோடு சண்டை இல்லை. அம்மா கையால் ஒரு மாதம் சாப்பிடக் கசக்குமா, சொல்லுங்கள்? சிக்கல் வேறு இடத்தில். ஆடி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய டீமுக்கு இறுதிப் போட்டி. ஆளுக்கொரு ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒன்றாகச் சேர்ந்து எதிராளிகளைச் சுடுகிற ஆட்டம் அது. நீரஜாதான் கேப்டன். வருஷா வருஷம் அரையிறுதியில் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்த டீம் இந்த வருஷம்தான் தலைநிமிர்ந்திருந்தது. அடையாறில் திரைக்கு டிவி இருக்கிறது, ஆட ஒன்றும் இல்லை. அப்பாவின் லேப்டாப்புக்கு ஈமெயில் திறக்கவே மூச்சு வாங்கும்.

அவளுடைய கம்ப்யூட்டரோ ஒரு குட்டி பீரோ. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வரிசையாக விசிறிகள், விசிறிக்கு விசிறி கலர் விளக்கு. கல்யாணத்துக்கு மறுநாள் சீர் சாமான்களோடு அது வேனிலிருந்து இறங்கியபோது கீழ்வீட்டு ரங்கநாயகி மாமி, "மீன் தொட்டியா? எங்காத்துப் பூனையை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"எடுத்துண்டு போகாதேன்னு நான் சொல்லலை," என்றாள் மாமியார் விசாலாக்ஷி. "சீரோட வந்த சாமான் ஆடியில படி இறங்கினா பாக்கறவா என்ன நினைப்பா? கீழ ரங்கநாயகி பால்கனியிலேயே குடித்தனம் பண்றா. விசாலம் மாட்டுப்பொண் சாமானை வாரிண்டு போயிட்டாளாம்னு சாயங்காலத்துக்குள்ள குளத்தை ஒரு சுத்து சுத்திச் சேதி நம்மாத்துக்கே வந்துடும்."

"அம்மா, அது வெறும் கம்ப்யூட்டர்," என்றான் நீரஜாவின் கணவன் ஸ்ரீஹரி.

"நோக்குக் கம்ப்யூட்டர். ரங்கநாயகிக்கு அது சீர்."

நீரஜா யோசித்தாள். "உள்ள இருக்கறதெல்லாம் சின்னதுதாம்மா. வெளிப்பெட்டிதான் பெரிசு. கையில தூக்கற மாதிரி பெட்டி விக்கறா, அதுக்கு மாத்திட்டா?"

விசாலாக்ஷி எழுந்து உள்ளே போனாள். கல்யாணப் புடவை எடுத்தபோது தி.நகர் ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பையோடு வந்தாள். "இதுக்குள்ள அடங்கணும். கட்டைப்பைக்குள்ள என்னன்னு மெட்ராஸ்ல யாரும் கேக்க மாட்டா."

மறுநாள் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு மாமியாரும் மாட்டுப்பெண்ணுமாகக் கிளம்பினார்கள். விசாலாக்ஷி கையில் கட்டைப்பை. நீரஜா கையில், பச்சைக் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றிய கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் படம் காட்டுகிற சாமான் அதுதான், உள்ளே இருப்பதில் நீளமானதும் அதுதான். அது நுழையாத பெட்டி வெறும் தகரம்.

கடைக்காரர் ஹபீபுர் ரஹ்மான் முதலில் ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்து ஸ்விட்சைப் போட்டார். "பாருங்க மாமி, லைட்டு இன்னாமா கீது! கல்யாண வூடு தோத்துரும்."

"அதான் வேண்டாம். பாத்தா கம்ப்யூட்டர்னே தெரியப்படாது."

"இத்தினி வருசமா கடை வெச்சிக்கினு கீறேன். நாலு பேர் பாக்கணும்னுதான் வாங்குவாங்க. யாரும் பாக்கக்கூடாதுன்னு வாங்க வந்தது நீங்கதான் மாமி."

அடுத்து வந்தது கறுப்பாக, அடக்கமாக, ஒரு மூலையில் சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்கும் பெட்டி. விசாலாக்ஷி அதைக் கட்டைப்பைக்குள் இறக்கினாள். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு சந்தேகம் வந்தது. "பக்கமெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டையா இருக்கே. நமுத்துப் போயிடாதோ?"

"முறுக்கு டின்னா மாமி இது? இது நமுத்துப் போற சாமான் இல்ல, வெந்து போற சாமான். காத்து வாங்கினாத்தான் உயிரோட இருக்கும்."

நீரஜா துண்டைப் பிரித்துக் கார்டை உள்ளே வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் அகலம் இடித்தது. திருப்பி வைத்தாள். இடித்தது.

"கொஞ்சம் சாச்சு வையேன்," என்றாள் விசாலாக்ஷி, பஸ்ஸில் மூன்றாவது ஆளுக்கு இடம் கேட்பதைப் போல. "நுனியில லேசா நறுக்கிட்டா?"

நீரஜா கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஹபீபுர் ரஹ்மான், "யா அல்லா!" என்று இன்னொரு பெட்டியை எடுத்துவரப் போனார்.

அதில் கார்டு சுகமாகப் படுத்துக்கொண்டது. ஆனால் பெட்டியின் தலையில் தடிமனாக ஒரு கைப்பிடி. கட்டைப்பையில் வைத்தால், கழுத்தை நீட்டிப் பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி அது வெளியே நின்றது. விசாலாக்ஷியின் முகம் வாடிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க நீரஜாவுக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம்மா. டீம்ல வேற யாரையாவது ஆடச் சொல்லிடறேன்," என்றாள். சொல்லிவிட்டுத் துண்டை மடித்தாள். மடித்த துண்டையே மறுபடியும் மடித்தாள்.

விசாலாக்ஷி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்காரரிடம் கேட்டாள். "இந்தக் கைப்பிடி எதுக்கு?"

"தூக்கினு போவத்தான் மாமி. போட்டிக்கிப் போற புள்ளைங்க இதைத்தான் கேப்பாங்க."

"போனா?"

"போனா வருவாங்க. போறதுக்கு மட்டுமா மாமி கைப்பிடி வெப்பான்?"

விசாலாக்ஷி பெட்டியைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு கடை வாசல்வரை நடந்தாள். அங்கே ஒரு கணம் நின்றாள். திரும்பி நடந்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"இதையே போடுங்கோ."

ரங்கநாயகி மாமிக்குப் பயந்தா ஒருத்தி இப்படி நடந்து பார்ப்பாள்? போனது திரும்பி வருமா என்பதுதான் அவள் பயம் என்று நீரஜாவுக்குப் புரிந்தது. "நானே தூக்கிண்டு வரேம்மா," என்றாள். எங்கே, எப்போது என்று மாமியார் கேட்கவில்லை.

கிளம்பும் நாளன்று கைப்பிடியை மறைக்க மேலே வாழையிலையைப் போர்த்தி, அதன்மேல் இரண்டு முழம் மல்லிகையை வைத்தாள் விசாலாக்ஷி.

"என்னடி பையில?" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"முறுக்கு!" என்றாள் விசாலாக்ஷி.

"நீரஜாவுக்கு இப்படித் தோள் சாயறதே! முறுக்கா, அம்மிக்கல்லா?"

ஆட்டோ கிளம்பிவிட்டது. ஆனால் ஸ்ரீஹரி என்ன செய்தான் தெரியுமா? அந்தக் குட்டி பீரோவைப் பழைய சாமான்காரருக்கென்று காலியாக மாடிப்படியில் கொண்டுபோய் வைத்தான். ரங்கநாயகி மாமி கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"விசாலம், மீன் தொட்டியில ஒண்ணுமே இல்லையே! கொண்டு போயிட்டாளா?"

"ஆமாம், கொண்டுதான் போயிருக்கா," என்றாள் விசாலாக்ஷி, நிமிர்ந்து நின்று. "மேட்ச் இருக்கு அவளுக்கு. ஞாயித்துக்கிழமை டிவியில போடச் சொல்லியிருக்கேன் ஹரியை. நீங்களும் வாங்கோ."

வந்தாள். வராமல் இருப்பாளா?

"இதுல நம்ம நீரஜா எதுடி?"

"பச்சைச் சட்டை. ஓடறா பாருங்கோ."

"ஐயையோ, சுட்டுட்டான்டி பாவி!"

"இருங்கோ மாமி, அடுத்த ரவுண்டுல எழுந்துண்டுடுவா."

எழுந்துகொண்டாள். கடைசி ரவுண்டில், பச்சைச் சட்டைகளில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியே முடித்தும் வைத்தாள். ரங்கநாயகி மாமி போட்ட கூச்சலில் அவளுடைய பூனை மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை.

ஆவணி முதல் நாள் மயிலாப்பூரில் ஆட்டோ வந்து நின்றது. நீரஜா இறங்கினாள். வாழையிலை இல்லை, மல்லிகை இல்லை, கட்டைப்பையும் இல்லை. பெட்டியைக் கைப்பிடியில் பிடித்திருந்தாள். விசாலாக்ஷி அதற்குள் பாதிப் படி இறங்கி வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் பால்கனியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி குரல் வந்தது.

"விசாலம்! உன் முறுக்கு திரும்பி வந்துடுத்துடி!"