நேற்றைய ஜகந்நாதன்

ஐம்பத்தைந்து வயது பூர்த்தியான காலையில் ஜகந்நாதனைப் போல் பூரித்துப்போன மனிதரைப் பம்பாய் மாட்டுங்கா அதற்கு முன் பார்த்திருக்காது. விசாலாக்ஷி பாயசக் கிண்ணத்தோடு வந்தபோது அவர் கண்ணாடி முன் நின்று ஏதோ முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஊர்ல அவாவா தலையில மையைத் தடவிண்டு வயசைக் குறைச்சுக்கறா. நீங்க என்னடான்னா பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணின மாதிரி குதிக்கறேள்," என்றாள். அவர் கண்ணாடியைப் பார்த்தே கணக்குப் போட்டார். நடுவயதுக்காரர்களுக்கான மாஸ்டர்ஸ் நீச்சலில் ஐந்தைந்து வயதாகப் பிரித்துத்தான் போட்டி வைப்பார்கள். ஐம்பதிலிருந்து ஐம்பத்துநாலு வரை ஒரு பிரிவு. அந்தப் பிரிவிலிருந்து தனக்கு இன்றோடு விடுதலை. அங்கே தன்னை முந்திக்கொண்டேயிருந்த தாராவி ஜமாலுக்கோ இன்னும் இரண்டு வருஷம் அங்கேயேதான் வாசம். இதெல்லாம் பாயசம் வைக்கிறவளுக்கு எங்கே புரியப்போகிறது?

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கியதும் ஜகந்நாதன் செம்பூர் நீச்சல் குளத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுக் கண்ணாடி, முட்டிவரை இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு, பந்தயத்துக்கு முந்தின நாள் பீட்ரூட் சாறு என்று எதிலும் குறை வைக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் தவளை நீச்சலில் வெண்கலம். முன்னால் இருந்தவர்களுக்கு வயதாகி அவர்கள் அடுத்த பிரிவுக்குப் போய்விட, இனி தங்கம் நமக்குத்தான் என்று ஷோகேஸில் இடம்கூட ஒதுக்கிவிட்டார். அந்த வருஷம்தான் ஜமாலுக்கு ஐம்பது. தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர். நாளெல்லாம் குனிந்து தைத்துத் தைத்து இடுப்பு பிடித்துக்கொண்டதால் டாக்டர் நீந்தச் சொன்னாராம். அவர் நீந்துவது, பாம்பு துரத்துகிற தவளை எப்படிப் போகுமோ அப்படி. முறை என்று ஒன்றும் கிடையாது. சுவரைத் தொடுவார், இடமும் வலமும் திரும்பிப் பார்ப்பார், யாரும் இல்லையென்றால் சிரிப்பார். மூன்று வருஷமும் அவருக்குத் தங்கம், ஜகந்நாதனுக்கு வெள்ளி. அதுகூடப் பொறுக்கலாம். ஒருநாள் உடைமாற்றும் அறையில் ஜமால் சாவகாசமாகச் சொன்னார்: "அந்த மெடல் ரிப்பன் இருக்குல்லா சார், ஏக்தம் கெட்டித் துணி. அறுத்து ஒரு லேடீஸ் பேக்குக்கு உள்பட்டையா வச்சுட்டேன்." ஜகந்நாதனுக்கு அன்று இட்லி இறங்கவில்லை.

அந்த மூன்றாவது வெள்ளிக்குப் பிறகுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. குளத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு விடியற்காலை எழுதினார்: 'என் போட்டி பக்கத்து லேனோடு அல்ல. நேற்றைய ஜகந்நாதனோடு. பதக்கம் துருப்பிடிக்கும், பர்சனல் பெஸ்ட் பிடிக்காது.' கைதட்டுகிற மஞ்சள் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு வாரம் ஒரு உபதேசம். தமிழ்ச் சங்கத்தில் கூப்பிட்டுப் பேசச் சொல்லிச் சால்வை போட்டார்கள். இந்த ஞானத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது அவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய சொந்த பெஸ்ட், அதாவது அவர் நீந்தியதிலேயே மிகக் குறைந்த நேரம், என்ன என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஜமாலுடையதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எந்த வருஷம், எந்தப் பந்தயம், எத்தனை விநாடி, புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு என்று எல்லாம் மனப்பாடம். ஜமாலுக்கே அதில் ஒன்றும் தெரியாது.

பந்தய நாளன்று ஆட்கள் குறைவு என்று இரண்டு வயதுப் பிரிவையும் ஒரே சுற்றில் சேர்த்துவிட்டார்கள். நீந்துவது சேர்ந்து, பதக்கம் தனித்தனி. ஜகந்நாதனின் புதுப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தவர்கள் இரண்டே பேர். முலுண்டிலிருந்து வரவேண்டிய இன்னொருவர் பெண் கல்யாணம் என்று வரவில்லை. ஆக, மூழ்காமல் கரை சேர்ந்தால் தங்கம். இத்தனை எளிதாக வரப்போகிறது என்பதில் சின்ன வருத்தம் எட்டிப் பார்த்தது. அதை உடனே தண்ணீரில் அமுக்கினார். ஜமாலின் பிரிவில் அனந்த் என்று ஒருவன் புதிதாக வந்திருந்தான். போன மாதம்தான் ஐம்பது முடிந்ததாம். காலேஜ் நாளில் மாநிலத்துக்கு நீந்தியவனாம். அவன் தோளைப் பார்த்ததுமே ஜகந்நாதனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இன்று ஜமால் தோற்கப்போகிறார். தான் ஜெயிக்கப்போகிறோம். ஒரே தண்ணீரில் இரண்டும்.

"என்ன சார், பெரியாளு குரூப்புக்குப் போயிட்டிய. இனி எங்களயெல்லாம் கண்டுக்கிடுவியளா?" என்றார் பக்கத்து மேடையில் நின்ற ஜமால்.

"வயசு எல்லாருக்கும் வரும் பாய்," என்றார் ஜகந்நாதன், ஏதோ உயில் எழுதி வைப்பவர் போல.

விசில் ஊதினார்கள். முதல் பத்து வீச்சுக்குப் பிறகு ஜகந்நாதன் தன் நீச்சலை நீந்தவேயில்லை. தலை மேலே வரும்போதெல்லாம் ஜமாலின் குதிகால் எங்கே என்று தேடினார். அது முன்னால் போனது, இன்னும் முன்னால் போனது, பிறகு காணாமலே போனது. அனந்த் முதலில் தொட்டான். ஜமால் இரண்டாவது. ஆறு பேரில் ஆறாவதாக ஜகந்நாதன் வந்து சுவரைப் பிடித்தபோது மற்றவர்கள் குல்லாயைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மைக்கில் இந்தியில் ஒவ்வொருவர் நேரமாக வாசித்தார்கள். ஜமாலின் நேரத்தைக் கேட்டதும் ஜகந்நாதன் மனப்பாடக் கணக்கைப் புரட்டினார். இதுவரை ஜமால் நீந்திய எதையும்விட ஒன்றரை விநாடி குறைவு. தன்னுடையதையும் கேட்டார். இந்தக் குளத்தில் கால் வைத்த நாளிலிருந்து இத்தனை மெதுவாக அவர் நீந்தியதில்லை. இந்த இரண்டு விஷயமும் தெரிந்த ஒரே ஆள் அங்கே அவர்தான்.

ஜமால் ஒற்றைக்காலில் நின்று காதுத் தண்ணீரைத் தட்டிக்கொண்டே வந்தார். "சார், மைக்குல ஒண்ணும் விளங்கல. என் டைமு என்ன சார்?"

"என்னிக்கும் கேக்க மாட்டேளே?"

"என்னிக்கும் ஜெயிச்சேன், என்னத்துக்குக் கேக்க? இன்னிக்குத் தோத்துட்டேன்லா. தோத்தவனுக்கு அவன் டைமுதான் துணைன்னு நீங்கதான குரூப்ல எழுதுவிய. என் மவ உமைரா ஒண்ணு விடாம வாசிச்சுக் காட்டுவா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்னவிட நல்லா வந்திருக்கா சார்?"

ஜகந்நாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். தங்கம் மூன்றும் இந்த ஆளுக்குப் போயிற்று. தோற்றவனுக்கென்று தான் ஒரு மூலையில் வேலி போட்டு வளர்த்திருந்த ஒற்றைச் செடி இந்த ஞானம். முதல் தடவை தோற்ற அன்றே அதிலும் வந்து பூப் பறிக்கவேண்டுமா?

"வழக்கம்போலத்தான் பாய். கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

ஜமால் ஒரு கணம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்படியா! வயசு ஏறியும் ஆளு அப்படியேதான் இருக்கேன்ங்கிய. நேத்தைய ஜமாலுக்கு இன்னைக்கு ஜமால் சளைக்கல. மாஷா அல்லா!" என்று ஜகந்நாதனின் ஈர முதுகில் ஓர் அறை விட்டார். அது சாயந்திரம் வரை எரிந்தது.

வீட்டில் விசாலாக்ஷி பதக்கத்தை விட்டுவிட்டு, மேடையில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ரெண்டு, மூணுன்னு போட்ட படியெல்லாம் காலியா இருக்கே. அவாள்லாம் எங்கே?"

"வரலை."

"யாருமே வரலைன்னா யாரை ஜெயிச்சேள்?"

'நேற்றைய ஜகந்நாதனை' என்று சொல்ல வாயெடுத்தார். நேற்றைய ஜகந்நாதன் இன்றைய ஆளைவிட நாலு வீச்சு முன்னால் கரையேறி நின்று சிரிப்பது போல் இருந்தது. பதக்கத்தை ஷோகேஸில் வைத்துக் கதவைச் சாத்தினார். அந்த வாரம் குழுவில் உபதேசம் எதுவும் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை குளத்தில் ஜமால் காத்துக்கொண்டிருந்தார். கையில் புத்தம்புது ஸ்டாப்வாட்ச். அதற்குக் கழுத்தில் மாட்டக் கறுப்பில் ஒரு பட்டை, விளிம்பெல்லாம் பொடித் தையல்.

"ரெக்ஸின் சார். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. நானே தச்சேன்," என்று ஜகந்நாதனின் கழுத்தில் மாட்டினார். "என் டைமு தெரிஞ்ச ஆளு இந்தப் பம்பாயிலயே நீங்க ஒருத்தர்தான்னு உமைராட்ட சொன்னேன். இனி ஜெயிக்கதும் தோக்கதும் கெடக்கட்டும். நான் குதிச்சதும் அமுக்குங்க, அந்தக் கரையத் தொட்டதும் அமுக்குங்க. மத்தவன் சொன்னா நம்ப மாட்டேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

ஜகந்நாதன் வாயைத் திறந்தார். அதற்குள் ஜமால் குதித்துவிட்டார்.

பட்டை பதக்க ரிப்பனைவிடக் கனமாக இருந்தது. ஜகந்நாதன் குளத்தின் ஓரமாக, வழுக்கும் ஓட்டுத் தரையில், நீந்துகிறவருக்கு இணையாக ஓட்டமும் நடையுமாகப் போனார். கட்டைவிரல் பொத்தானை அமுக்காமல் அதன் மேலேயே இருந்தது. வாட்சில் எல்லாமே பூஜ்யம். ஜமாலின் தலை மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை வாங்கி, உள்ளே போயிற்று. மறுபடி மேலே வந்தது. பாதிக் குளம் தாண்டிவிட்டது.