இடது பக்கம் விழுந்த கடிதம்

தரையில் மூன்று பிஸ்கட் டப்பாக்களை வரிசையாக வைத்தாள் தேவானை. ராயப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் அவள் கணவர் ஜவஹர். இருபத்திரண்டு வருடம் தபால் ஆபீசில் ஏரியாவாரியாகக் கடிதம் பிரித்துப் போட்ட மனிதர். இந்தப் பக்கத்துக் கடிதமெல்லாம், சொந்த வீட்டுக் கடிதம் உட்பட, அவர் கையைத் தாண்டித்தான் போகும். போன மாதம் மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்தது. பேச்சு போகவில்லை, கை கால் போகவில்லை. படிப்பு மட்டும் போய்விட்டது.

எழுத்துக் கூட்டிப் படிப்பது இடது மூளையாம். வலது மூளைக்குக் கூட்டத் தெரியாது, பழகிய சொல்லை முகம் மாதிரி அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் அதற்கு வாய் கிடையாது என்றார் டாக்டர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத தேவானை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஆபீசில் பரீட்சை. தேறாவிட்டால் வேலை போச்சு. எஸ்.டி.டி. பூத் அன்வர் பாஷாவிடம் பழைய கவர்கள் வாங்கி, பின்பக்கம் ஊருக்கொரு நிறத்தில் பொட்டு வைத்துத் தரச் சொல்லியிருந்தாள்.

“படிக்காதய்யா. கை போற எடத்துல போடு.”

கவர்கள் பறந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. காலையில் தபால்காரர் கொடுத்த கடிதத்தையும் நீட்டினாள். வீட்டுக்கு வந்தது, ராயப்பேட்டை டப்பாவில் விழ வேண்டும். அவர் கை அதை இடது முழங்காலுக்கு அப்பால் வெறுந்தரையில் வீசியது.

“அங்க டப்பாவே இல்லியே?”

“ஆபீசுல திருப்பி அனுப்புறதப் போடுறது அங்கதான்.” சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

“யார் கடுதாசி அது?”

“படிக்க முடியல.” தரையில் கிடந்த கவரையே பார்த்தார். “நம்ம ஊட்டுக்கு வர்றதுல ஒருத்தியோடத மட்டுந்தான் அங்க போட்டுக்கினு இருந்தேன்.”

நிஷா. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள். மூன்று வருடமாக ஒரு வரி எழுதவில்லையே, கல் நெஞ்சுக்காரி என்று தேவானை அவளைத் திட்டாத நாளில்லை.

“எத்தினி வந்துச்சு?”

“ஏழு.”

கடிதத்தைப் பிரித்து அவர் மடியில் போட்டாள்.

“படி.”

கண்ணைச் சுருக்கினார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். கடைசிக்கு முந்தின வரியில், தெரிந்த முகத்தைக் கண்ட மாதிரி ஒரு சொல்லின்மேல் விரல் நின்றது.

“இன்னா போட்டுக்கீது?”

“தெரியல,” என்றார்.

விரலை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.