இடது பக்கத்து நாற்காலி

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். முப்பது வருடம் ஊராருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர்; தப்பைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாது. விருந்துக்குப் போன இடத்தில் யாராவது ஒரு தெருவை ஒருவழிப்பாதை என்று தவறாகச் சொல்லிவிட்டால், சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய்த் திருத்திவிட்டு வருவார். அவர் மானத்தை வாங்கியது நான் ஒருத்திதான். லைசென்ஸ் டெஸ்ட்டில் நாலு தடவை தோற்றேன். யாரிடமாவது "மூணு" என்று குறைத்துச் சொன்னால், எந்த அறையில் இருந்தாலும் "நாலு" என்று குரல் வரும்.

பக்கவாதம் வந்து இன்றோடு பத்தொன்பது நாள். இடது கை, இடது கால், தொண்டையின் இடது பாதி எல்லாம் படுத்துவிட்டன. அதைவிட மோசம், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்குத் தெரியவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் நின்றால் அவருக்கு நான் இல்லை. இரண்டாம் நாள் அவருடைய இடது தோளோரம் நிற்கிறேன், "அவ எங்க, வீட்டுக்குப் போயிட்டாளா?" என்று நர்ஸிடம் குழறலாகக் கேட்கிறார். அன்றே நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டேன். மூக்குக்கண்ணாடி, ரேடியோ, மகளின் படம் எல்லாம் வலது பக்கமே குடியேறின.

சாப்பாடு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில். நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தலைமாட்டை உயர்த்த வேண்டும். மூக்கருகே குழாயில் போட்ட மை அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, சத்துக் கரைசல் தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். என் அவசரப் புத்திக்கு இது பெரிய தண்டனை. ஒருநாள் பொறுமையில்லாமல் அழுத்தித் தள்ளப் போனேன். "அவர் வயித்துக்கு அவசரமில்லம்மா, உங்களுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரைமணி நேரம் அவரைச் சரியவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஆறு வேளை. ஆறிலும் நாக்குக்கு ஒரு வேலையும் இல்லை.

போன வாரம் விழுங்கும் பரிசோதனையில் தோற்றார். விழுங்கியபின் பேசச் சொன்னார்கள். குரலில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. அப்படிக் கேட்டால் தப்பான வழியில், மூச்சுக்குழாய்ப் பக்கம், இறங்கியிருக்கலாமாம். இன்று மறுபடியும் பரிசோதனை. இதிலும் தோற்றால் வயிற்றில் சின்னத் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பலர் அதோடு நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். கையெழுத்தும் போடுவேன். ஆனாலும் அவர் வாயால் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விழுங்கப் பயிற்சி தரும் பெண் கிண்ணத்தில் கூழ் போலக் கெட்டியான ஒன்றோடு வந்தாள். "கழுத்தை இடது பக்கம் திருப்பிக்கிட்டு முழுங்கணும் சார். அப்பதான் நல்ல பக்கமா இறங்கும்."

அவர் திரும்பவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். வலது பக்கம் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. அவருக்குப் பிடிச்சது எல்லாத்தையும் அந்தப் பக்கமே வச்சிருக்கீங்க. இந்தப் பக்கம் திரும்ப அவருக்கு என்ன இருக்கு?"

சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை நாள் இடுப்பு ஒடியப் பார்த்துக்கொள்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் சொன்னது நிஜம். அவருக்காகவா அங்கே உட்கார்ந்தேன்? அவர் கண்ணுக்கு இல்லாமல் போக எனக்குப் பயம்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தேன். அவர் கண் என்னை வலது பக்கமே தேடியது. "எங்க போனா?" என்றார்.

அந்தப் பெண்ணிடம் பேசுவதுபோலச் சத்தமாகச் சொன்னேன். "எனக்கும் டெஸ்ட்னாலே நடுக்கம்தாம்மா. லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள ரெண்டு தடவை ஃபெயில்."

அவர் புருவம் சுருங்கியது.

"யோசிச்சுப் பாத்தா, ஒரே தடவைதான்."

பழைய லாரியின் ஸ்டீயரிங் போலத் தலை கனமாக அசைந்தது. நடுவைத் தாண்டியது. கண் என் முகத்தில் வந்து நின்றது. பேச வாயைத் திறந்தார். அவள் கரண்டியை உள்ளே வைத்துவிட்டாள்.

"முதல்ல முழுங்குங்க சார். அப்புறம் சொல்லுங்க."

குரல்வளை ஏறி இறங்கியது. இருமல் இல்லை.

"இப்ப சொல்லுங்க."

"நாலு" என்றார்.

குழறல் இருந்தது. ஆனால் சுத்தமான குரல். நான் தோற்றதை அவர் சொல்லிக்காட்டியதற்குச் சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான்.

இன்னும் ஐந்து கரண்டி. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பொய் சொன்னேன், அவர் திருத்தினார். மூக்குக் குழாய் சில நாள் இருக்கட்டும், துளை இப்போதைக்கு வேண்டாம் என்று அவள் எழுதிக்கொண்டு போனாள்.

அவர் தலையைத் திருப்பிக்கொள்ளாமல் என்னையே பார்த்தார். "இந்தப் பக்கம் எப்ப வந்த?"

"இப்பதாங்க."

அதை மட்டும் அவர் திருத்தவில்லை.