போன தடவையே

"இதுக்கப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?" தையல்காரியின் வயிற்றின் மேல் டேப்பை வைத்தபடியே நர்ஸ் கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. மூத்தவன் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறான். சின்னவள் இன்னும் பால் மறக்கவில்லை. அதற்குள் மூன்றாவது. பால் கொடுக்கிறவரை ஒன்றும் ஆகாது என்று மாமியார் சொன்னதை வேதவாக்காக நம்பியிருந்தாள். மாத்திரை சாப்பிட்டால் கர்ப்பப்பை சுருங்கிவிடும் என்று பக்கத்துத் தையல் மெஷின்காரி சொன்னதையும்தான்.

"பால் குடுக்கிறத நம்பறதெல்லாம் மொத ஆறு மாசத்துக்குத்தான், அதுவும் வேற ஆகாரம் குடுக்காம இருந்தா. பிரசவம் ஆன கையோட கர்ப்பப்பைக்குள்ள காப்பர் டி வச்சுக்கலாம். வேண்டாம்னா எடுத்துடலாம்."

"இத போன தடவையே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

"போன தடவையும் செவுத்துல இந்தக் காப்பர் டி படம் தொங்கிட்டுத்தான் இருந்துச்சு."

"படம் வாயத் தொறந்து சொல்லுமா?"

நர்ஸ் டேப்பைச் சுருட்டினார். வெளியே வரிசை நீண்டிருந்தது.

துணைக்கு வந்திருந்த நாத்தனாரும் பிள்ளைத்தாய்ச்சிதான், அவளுக்கு இது முதல். அவள் அண்ணியின் காதோரம் குனிந்தாள். "வேணாம் அண்ணி. அது மெல்ல மேல ஏறி நெஞ்சுல போய் நின்னுடுமாம்."

"அங்கேர்ந்து நெஞ்சுக்கு வழியே கிடையாதும்மா," என்றார் நர்ஸ். நாத்தனார் தலையாட்டினாள். நம்பிய முகமாகத் தெரியவில்லை.

வாசலில் கணவன் பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று அக்கம்பக்கம் பார்த்தான்.

"நீ பாட்டுக்கு தலையாட்டிட்டு வந்துடாத. மொதல்ல பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"நடுரோட்டுல வச்சு ஆரம்பிக்காத. ஏறு."

பைக்கை உதைத்துக் கிளப்பினான். அவள் ஏறவில்லை. மூன்று பிள்ளைகளைச் சுமப்பவளுக்கு அதைப் பற்றிப் பேச ஓர் இடம்கூட இல்லை.

"உங்க தங்கச்சிய கூட்டிட்டுப் போங்க. நான் பஸ்ல வரேன்."

அவன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் உள்ளே போனாள். நர்ஸ் அறைக் கதவு சாத்தியிருந்தது, சாப்பாட்டு நேரமாம். பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மெலிந்த பெண் துப்பட்டாவால் வயிற்றை மூடியபடி கேட்டாள்.

"அக்கா, உள்ள பேசினது கேட்டுச்சு. அத வைக்கிறப்ப வலிக்குமா?"

"தெரியலம்மா. அதக் கேக்க விட்டுப்போச்சு."

"எனக்குக் கேக்க வெக்கமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் தையல்காரி.

உள்ளே டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டது. இருவரும் இடுப்பில் கைவைத்து, பெஞ்சைப் பிடித்து, மெதுவாக எழுந்தார்கள்.